கிரீனிச் வில்லேஜில் வாடகைக்கு: 2019 நாட்குறிப்பு

மே 18, சனி

சாமான் எல்லாம் வந்து இறங்கியாகிவிட்டது. ஜெர்சி சிட்டியிலிருந்து ஆற்றைத் தாண்டி நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜுக்குக் குடி வந்திருக்கிறோம். வாடகையில் ஒரு பகுதியை இவருடைய ஆபீஸ் கொடுக்கிறது, இல்லாவிட்டால் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டோம். புதுக் கட்டடம். வாசலில் டோர்மேன், உள்ளே ஜிம், பார்சல் வைக்க ஒரு அறை, நாயைக் குளிப்பாட்ட இன்னொரு அறை (எங்களிடம் நாய் கிடையாது), மொட்டைமாடியில் சோபா. வரவேற்பறை அலமாரியில் ரிப்பன் இல்லாத பழைய டைப்ரைட்டர் ஒன்று, பக்கத்தில் கவிதைப் புத்தகங்கள். அட்டை நிறம் பார்த்து அடுக்கியிருக்கிறார்கள், பச்சைக்குப் பக்கத்தில் வெளிர்ப்பச்சை. ஒன்றை எடுத்துப் புரட்டினேன், யாரும் திறந்ததற்கான அடையாளமே இல்லை.

அம்மாவுக்கு வீடியோ காலில் மொட்டைமாடியைக் காட்டினேன். "ஏண்டி, இவ்ளோ வெயில் அடிக்குது, ஒரு கொடி கட்டக் கூடாதா?" துணி காயப்போடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதம்மா என்றேன். வடாம் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

மே 21, செவ்வாய்

காய்கறி கொண்டுவந்த பையன் வழி தெரியாமல் சுற்றிவிட்டு வந்தான், பாவம். மேற்கு 4ஆம் தெரு இங்கே மேற்கு 10, 11, 12ஆம் தெருக்களை வெட்டிக்கொண்டு போகிறது, அவன் என்ன செய்வான். 1811இல் மன்ஹாட்டனுக்குக் கட்டம் கட்டமாகத் தெரு போட்டபோது வில்லேஜ் ஏற்கெனவே ஊராக இருந்ததால் அதன் கோணல் சந்துகளை அப்படியே விட்டுவிட்டார்கள். 1910களில் வீடுகளை இடித்து ஏழாம் அவென்யூவைத் தெற்கே நீட்டும்வரை பெரிய போக்குவரத்து எதுவும் இதற்குள் நுழையவில்லை. ஒதுக்குப்புறம், அதனால் வாடகை மலிவு, அதனால்தான் ஓவியர்களும் நாடகக்காரர்களும் கையில் காசில்லாத புரட்சிக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். இடத்தின் மகிமை, காற்றின் குணம் என்றெல்லாம் வீட்டுத் தரகர் சொன்னாரே, அதெல்லாம் அப்புறம் வந்த கதை.

மே 25, சனி

பெட்ஃபோர்டு தெருவில் 75½ என்ற எண்ணுள்ள வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். அகலம் ஒன்பதரை அடி. இரண்டு வீட்டுக்கு நடுவில் வண்டி போகும் சந்தாக இருந்த இடத்தில் 1873இல் கட்டியது. கவிஞர் எட்னா செயின்ட் வின்சென்ட் மில்லே 1920களில் இதில் குடியிருந்திருக்கிறார். அவர் பெயருக்கு நடுவில் இருக்கும் செயின்ட் வின்சென்ட், இங்கே பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியின் பெயர். அவர் மாமாவின் உயிரைக் காப்பாற்றிய இடம் என்று பெற்றோர் அதையே குழந்தைக்கு வைத்தார்களாம்.

அப்படியே அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்துக்கும் நடந்தோம். 1849இல் கன்னியாஸ்திரீகள் தொடங்கியது. டைட்டானிக்கில் பிழைத்தவர்களை 1912இல் இங்கேதான் கொண்டுவந்தார்கள். 1953இல் கவிஞர் டிலன் தாமஸ் இங்கேதான் செத்துப்போனார், அதற்குச் சில நாள் முன்புவரை ஹட்சன் தெருவின் வைட் ஹார்ஸ் மதுக்கடையில் குடித்துக்கொண்டிருந்தவர். 1980களில் எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே மற்றவர்கள் பயந்தபோது அவர்களுக்கென்று தனி வார்டு திறந்த ஆஸ்பத்திரி இது. கடன் ஏறிப்போய் 2010இல் மூடிவிட்டார்கள். இப்போது அங்கே சுமார் 200 வீடுகள், எல்லாம் கோடீஸ்வரர்களுக்கு. எதிரே முக்கோண வடிவத்தில் ஒரு சின்னப் பூங்கா, அதன் மூலையில் எய்ட்ஸில் இறந்தவர்களுக்கான வெள்ளை நினைவுக்கூரை. அதன் கீழே உட்கார்ந்து ஒரு பெண் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே போனில் கதவுப் பிடிகளின் விலையைப் பேசிக்கொண்டிருந்தாள். பித்தளையா, கறுப்பா என்பதில் இன்னும் முடிவாகவில்லை போல.

ஜூன் 1, சனி

வாஷிங்டன் ஸ்கொயர் பூங்காவில் தோசை. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் தள்ளுவண்டி, 2001லிருந்து பூங்காவின் தெற்கு ஓரத்தில் நிற்கிறது, நெய் கூட இல்லாத சுத்த சைவம். சாம்பார் நன்றாக இருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பையன் சட்னி இன்னும் கொஞ்சம் வாங்கிக் கப்பிலிருந்தே குடித்தான். குடிக்கட்டும்.

பூங்கா வாசலில் இருக்கும் பெரிய கல் வளைவின் உச்சிக்கு 1917 ஜனவரியில் ஒரு ராத்திரி ஆறு பேர் ஏறியிருக்கிறார்கள், ஓவியர் மார்செல் துஷாம்பும் அதில் ஒருவர். பலூன், காகித விளக்கு, விளையாட்டுத் துப்பாக்கி எல்லாம் கொண்டுபோய், வில்லேஜ் இனி சுதந்திரக் குடியரசு என்று அறிவித்தார்களாம்.

ஜூன் 8, சனி

ஆற்றோரம் வெஸ்ட்பெத். பெல் டெலிபோன் கம்பெனியின் ஆய்வுக்கூடமாக இருந்த கட்டடத் தொகுதி, ஒரு பக்கத்தில் பழைய ரயில் பாதை கட்டடத்தின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து வெளியே வருகிறது. 1970இல் இதைக் கலைஞர்களுக்கான குறைந்த வாடகைக் குடியிருப்பாக மாற்றினார்கள், 380க்கும் மேல் வீடுகள். உள்ளே வர வருமான வரம்பு உண்டு, கலைஞர் என்றும் நிரூபிக்க வேண்டும், காத்திருப்புப் பட்டியலோ பல வருடம் மூடியே கிடந்திருக்கிறது. மாற்றி வடிவமைத்தவர் ரிச்சர்ட் மையர், அப்போது இளைஞர். அதே மையர் முப்பது வருடம் கழித்து இரண்டு மூன்று தெரு தள்ளி பெர்ரி தெரு முனையில் கண்ணாடிக் கோபுரங்கள் கட்டினார், சினிமா நட்சத்திரங்கள் வாங்கினார்கள். எங்கள் கட்டடம் அந்தக் கோபுரங்களின் ஏழைச் சித்தப்பா பிள்ளை.

வெஸ்ட்பெத் வாசலில் ஒரு வயதானவர் தன்னைவிட உயரமான கான்வாஸை லிஃப்டுக்குள் நுழைக்கப் பார்த்து முடியாமல் படிக்கட்டில் ஏறினார். மூன்று வாரங்களில் எங்கள் லிஃப்டில் நான் பார்த்ததெல்லாம் யோகா விரிப்புகள்தான்.

ஜூன் 14, வெள்ளி

புது வாடகைச் சட்டத்தில் ஆளுநர் இன்று கையெழுத்துப் போட்டுவிட்டார். பக்கத்துப் பழைய கட்டடத்தில் நாலாம் மாடியில் இருக்கும் பாட்டி (பியானோ டீச்சராக இருந்தவர், லிஃப்ட் கிடையாது, எங்களைவிட வேகமாக ஏறுவார்) காலையிலேயே பிடித்துக்கொண்டார். 1974க்கு முன் கட்டிய, ஆறு வீடோ அதற்கு மேலோ உள்ள கட்டடங்களில் வாடகையை அரசு கட்டுக்குள் வைத்திருக்கிறது. ஆனால் இதுவரை வாடகை 2,700 டாலருக்குக் கொஞ்சம் மேலே போய், ஆளும் காலி செய்துவிட்டால் அந்த வீடு கட்டுப்பாட்டிலிருந்தே விடுபட்டுவிடும். அதனால் கிழவிகளைக் கிளப்புவது வீட்டுக்காரர்களுக்கு லாபம். இனி அது நடக்காது. அவர் கொடுப்பது எங்கள் வாடகையில் நாலில் ஒரு பங்குகூட வராது, எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

இந்த ஏரியாவை 1969இல் பாரம்பரியப் பகுதியாக அறிவித்தார்கள், ஒரு ஜன்னல் சட்டத்தை மாற்றக்கூட அனுமதி வேண்டும். செங்கல் அப்படியே நிற்கிறது. ஆனால் அந்தச் சட்டம் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. அதைக் கொஞ்சமாவது கேட்பது இந்த வாடகைச் சட்டம்தான். பாடகர் பாப் டிலன் மாதம் 60 டாலருக்கு இருந்த மேற்கு 4ஆம் தெருக் கட்டடம் இன்னும் இருக்கிறது, 60 டாலர்தான் இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

இங்குள்ள ஸ்டோன்வால் மதுக்கடையில் ஓரினச்சேர்க்கையாளர்கள் போலீஸை எதிர்த்து எழுந்த கலவரத்தின் ஐம்பதாவது ஆண்டு ஊர்வலம், நள்ளிரவு தாண்டியும் முடியவில்லை. எங்கள் வரவேற்பறையில் வானவில் நிறக் கப்கேக். 1969இல் அந்த மதுக்கடைக்குள் போலீஸ் புகுந்தபோது எதிர்த்து நின்றவர்களில் பலர் தெருவில் படுத்த பிள்ளைகள். பால் வாங்கப் போனவர் திரும்பிவர முழுசாக ஒரு மணி நேரம். கூட்டத்தில் யாரோ கழுத்தில் மாலை போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூலை 6, சனி

வியாழக்கிழமை வில்லேஜ் வான்கார்டு போனோம். 1935லிருந்து நடக்கும் ஜாஸ் கிளப், படி இறங்கிப் போகும் நிலவறை, ஆப்பு வடிவம், நூற்றுச் சொச்சம் பேர் உட்காரலாம். ஜாஸ் மேதைகள் ஜான் கோல்ட்ரேனும் பில் எவன்ஸும் 1961இல் அங்கே பதிவு செய்த இசைத்தட்டுகள் இவருக்கு மனப்பாடம், மேடைக்குப் பக்கத்து மேஜை கிடைத்ததும் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். எங்கள் கட்டடத்தின் விளம்பரப் புத்தகத்திலும் இந்த ஜாஸ் பெருமைதான் முதல் பக்கம்.

இன்று அதே கட்டட நிர்வாகத்திடமிருந்து மெயில். எதிர் நடைபாதையில் சாயங்காலம் சாக்ஸஃபோன் ஊதுகிறவரைப் பற்றி நகராட்சிக்குப் புகார் கொடுக்கப் போகிறார்களாம், குடியிருப்பவர்கள் கையெழுத்து வேண்டுமாம். இவர் போட்டுவிடலாம் என்கிறார், ஆபீஸ் கால் இருக்கும் நேரத்தில்தான் ஊதுகிறாராம். "வியாழக்கிழமை ஆளுக்கு முப்பத்தைந்து டாலர் கொடுத்துக் கேட்டீங்களே" என்றேன். அது வேற, இது வேற என்றார். நான் போடப்போவதில்லை. திங்கட்கிழமைதான் கடைசி நாள், அதற்குள் பாட்டியிடம் இந்த மெயிலைக் காட்ட வேண்டும்.