இனிப்புக் கட்சியும் உப்புக் கட்சியும்: குவாங்சோவிலிருந்து ஹார்பின் வரை

தெற்குச் சீனாவின் குவாங்சோவில் நான் குடியிருந்த தெருமுனைக் கடையில் காலை ஏழு மணிக்கே மரத்தொட்டியின் மூடியைத் திறந்துவிடுவார்கள். உள்ளே வெள்ளைவெளேரென்று, தொட்டால் உடைகிற பதத்தில் சோயாப்பால் உறைந்திருக்கும். தட்டைக் கரண்டியால் ஏடு ஏடாகச் சீவிக் கிண்ணத்தில் போட்டு, இஞ்சி தட்டிப் போட்ட சர்க்கரைப் பாகை மேலே ஊற்றித் தருவார்கள். ஒரு வருடம் கிட்டத்தட்ட தினமும் அதைச் சாப்பிட்டேன். அது இனிப்புப் பண்டம் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

2024 ஜனவரியில் சீனாவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் ஹார்பின் போவதென்று முடிவானது. என்னோடு வேலை பார்த்த பெண்ணும் வருவதாகச் சொன்னாள். அவளுக்குத் தெற்கே குவாங்ஸி தன்னாட்சிப் பகுதியில் நான்னிங் பக்கம் ஊர். பனி பெய்து அதுவரை நேரில் பார்த்ததில்லை. டிக்கெட் போட்ட அன்றே போனை என்னிடம் நீட்டினாள். "அக்கா, வடக்கே போனா இதுல சர்க்கரை இருக்காது. முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கோங்க."

சீனர்களின் சமூக வலைத்தளமான வெய்போவில் ஒரு படம். நான் தினமும் சாப்பிடும் அதே வெள்ளைப் பண்டம்தான். ஆனால் மேலே பழுப்பு நிறத்தில் கெட்டிக் குழம்பு, அதில் கறுப்புக் காளான், கொத்தமல்லித் தழை, மிளகாய் எண்ணெய். படத்துக்குக் கீழே விரலால் தள்ளித் தள்ளி ஓய்ந்து போகிற அளவுக்குச் சண்டை.

தெற்கில் இதற்கு 'தோஃபு ஹுவா' என்று பெயர், தோஃபுப் பூ. வடக்கில் 'தோஃபு நாவோ', தோஃபு மூளை. தெற்கே இனிப்பு, வடக்கே உப்பு, சிச்சுவான் பக்கம் காரம். இந்தச் சண்டைக்குச் சீனத்தில் பெயரே 'இனிப்பு உப்புச் சண்டை'தான். சர்க்கரை போடுகிறவர்கள் இனிப்புக் கட்சி, குழம்பு ஊற்றுகிறவர்கள் உப்புக் கட்சி. கட்சி என்பது நான் சேர்த்த சொல் இல்லை, அவர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள். மறுபக்கத்தாரை மதத்துரோகி என்று திட்டிக் கொளுத்தச் சொல்வார்கள், அடுத்த வரியிலேயே 'ஹஹஹஹ' என்று நீளமாக ஒரு சிரிப்பு வரும். டிராகன் படகுத் திருவிழா நெருங்கினால் இலையில் கட்டி அவிக்கும் சோங்ஸிக்குள் வைக்க வேண்டியது இலந்தைப் பழமா, பன்றிக்கறியா என்று கிளம்பும். டிசம்பரில் ஆண்டின் நீண்ட இரவு வருகிற நாளன்று சாப்பிட வேண்டியது ஜியாவ்ஸி என்கிற கொழுக்கட்டையா, தாங்யுவான் என்கிற அரிசிமாவு உருண்டையா என்று கிளம்பும். தக்காளி முட்டைப் பொரியலுக்குச் சர்க்கரை போடலாமா என்பது வருடம் முழுக்க ஓடும்.

2013 மே மாதத்தில் இது வெள்ளை மாளிகை வரைக்கும் போயிருக்கிறது. ஒபாமா காலத்தில் பொதுமக்கள் மனு போட ஒரு தளம் வைத்திருந்தார்கள் அல்லவா, சீனர்கள் அங்கே போய், தோஃபு நாவோவின் அதிகாரபூர்வமான சுவை இனிப்புதான் என்று அமெரிக்க அரசு அறிவிக்க வேண்டும் என மனு எழுதினார்கள். அதே சமயத்தில் அதே தளத்தில், பல வருடங்களுக்கு முன்னால் விஷம் வைக்கப்பட்ட ஒரு மாணவிக்கு நியாயம் கேட்டும் சீனர்கள் மனு போட்டிருந்தார்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. இதைக் கேட்டதிலிருந்து, சிரிப்புக்காக எழுதுகிறவர்களுக்கு வேறு கவலை இல்லை என்று நான் நினைப்பதில்லை.

ரயில் ஏறியதும் அவள் இன்னொன்று காட்டினாள். 2022 ஏப்ரலில் இருந்து வெய்போவில் யார் கருத்து எழுதினாலும் எந்த மாகாணத்திலிருந்து எழுதுகிறார் என்று கீழே தானாக விழும். வெளிநாட்டில் இருந்தால் நாட்டின் பெயர் விழும். மற்ற தளங்களிலும் சீக்கிரமே வந்துவிட்டது. இணைய முகவரியைப் பார்த்துப் போடுகிறார்கள், மறைக்க முடியாது. வதந்தியைத் தடுக்க என்று சொல்லிக் கொண்டுவந்தது. சாப்பாட்டுச் சண்டையில் இது நெற்றியில் ஊர்ப் பெயரை எழுதி ஒட்டின மாதிரி ஆகிவிட்டது. 'உப்புதான் சரி' என்று ஒருவர் எழுதினால், கீழே 'ஷான்டோங்' என்று பார்த்துவிட்டு, 'நீ அப்படித்தானே சொல்லுவே' என்று அடுத்தவர் பிடித்துக்கொள்வார்.

இரவு வூஹானில் தங்கினோம். வெளியே இரண்டு டிகிரி. அறைக்குள் நுழைந்தால் உள்ளேயும் ஏறக்குறைய அதே குளிர். வரவேற்பில் இருந்த பெண் முழங்கால் வரைக்கும் பஞ்சுக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் சூடான நீர்ப்பை வைத்துக்கொண்டு என் பாஸ்போர்ட்டையும் அவளுடைய அடையாள அட்டையையும் வாங்கினார். சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் இணைத்தால் ஒரு கோடு கிடைக்கும். 1950களில், கோட்டுக்கு வடக்கே ஊர் முழுக்கக் குழாய் போட்டு வீடுகளைச் சூடாக்குவது, தெற்கே வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை வீட்டுக்குள் மெல்லிய சட்டையோடு இருக்கலாம். வூஹான்காரர்களுக்கு ஏசியும் மின்சாரப் போர்வையும்தான்.

அதனால் எந்தக் குளிர் கொடியது என்பது குளிர்காலம் தோறும் வருகிற விவாதம். வீடியோ கேம் விளையாடுகிறவர்கள் கொடுத்த விளக்கம்தான் இதில் நிலைத்துவிட்டது. வடக்கின் குளிர் ஆயுதத் தாக்குதல், கனமான உடுப்பு போட்டால் தடுத்துவிடலாம். தெற்கின் குளிர் மந்திரத் தாக்குதல், எத்தனை உடுப்பு போட்டாலும் உள்ளே புகுந்துவிடும். அன்று இரவு, மின்சாரப் போர்வையில் முதுகு சுட, மூக்கு நுனி மட்டும் ஐஸாகக் கிடந்தபோது, அந்த மந்திரம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

தூங்கப் போகும் முன் அவள் அம்மாவிடமிருந்து வீசாட்டில் செய்தி வந்தது. 'போய்ச் சேர்ந்தாச்சா?' பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் சிரிப்பு முகம். அவள் வயதுக்காரர்களிடம் அந்த முகத்துக்கு அர்த்தமே வேறு. உதட்டில் மட்டும் சிரித்து, கண்ணை அசைக்காமல் பார்க்கிற முகம் அது. 'போதும், உன்னோடு எனக்குப் பேச்சில்லை' என்பதற்குத்தான் அதைப் போடுவார்கள். பெரியவர்கள் நிஜமாகவே சிரிப்பு என்று நினைத்து அனுப்புகிறார்கள். "காலேஜ் சேர்ந்த புதுசுல அம்மாக்கு என் மேல கோபம்னு நினைச்சு ராத்திரி பூரா அழுதிருக்கேன் அக்கா," என்றாள். "இப்ப அம்மா இதை அனுப்பலேன்னாதான் பயமா இருக்கு."

மறுநாள் பெய்ஜிங் ரயில் ஜெங்சோவில் நின்றது. ஹெனான் மாகாணத் தலைநகரம். ஏறி எங்கள் வரிசையில் உட்கார்ந்தவர், நாங்கள் போனைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டு தானாகப் பேச்சுக் கொடுத்தார். என்ன விஷயம் என்று தெரிந்ததும், "நான் அங்கெல்லாம் எழுதுறதை விட்டுட்டேன்," என்றார். ஹெனான்காரர்கள் திருடர்கள், ஏமாற்றுக்காரர்கள் என்று பழைய வசை ஒன்று உண்டு. இப்போது கருத்துக்குக் கீழே ஹெனான் என்று விழுந்தாலே போதும், சொன்னது எதுவானாலும் அந்தக் கேலியோடு யாராவது வந்து நிற்கிறார்களாம். அவர் இதைக் கோபமில்லாமல் சொன்னார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சர்க்கரைக்கும் உப்புக்கும் அடித்துக்கொள்வது வேறு, பிறந்த ஊரை வைத்து ஒரு மனுஷனின் வாயை அடைப்பது வேறு. இரண்டையும் 'சும்மா தமாஷ்' என்ற ஒரே பையில் போடுவதை என்னால் ஏற்க முடியாது.

பெய்ஜிங்கில் ஒரு காலைதான் இருந்தோம். சந்துக்குள் ஒரு கடையில் உப்புக் கிண்ணம் வாங்கினேன். குழம்பு கண்ணாடி மாதிரி பளபளத்தது. முட்டை இழை இழையாக ஓடியது. மேலே பூண்டுச் சாறு ஒரு கரண்டி. முதல் வாய்க்கு நாக்கு சர்க்கரையைத் தேடியது. மூன்றாவது வாய்க்கு மேல் தேடவில்லை. சூடும் காரமுமாக, அந்தக் குளிருக்கு இதைத்தான் சாப்பிட வேண்டும் என்று பட்டது. அவள் பாதிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எண்ணெயில் பொரித்த யூத்யாவ் மட்டும் தின்றாள்.

அங்கிருந்து ஹார்பின் ஐந்து மணி நேரம்.

அந்தக் குளிர்காலத்து ஹார்பினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பர் 18 அன்று அங்கே பனிச் சிற்பப் பூங்கா திறந்தது. முதல் நாளே கூட்டம் தாங்காமல், மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் 'காசைத் திருப்பிக் கொடு' என்று கத்திய வீடியோ நாடு முழுக்கப் பரவியது. பூங்கா மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அப்புறம் ஊரே விருந்தாளிகளைத் தாங்கத் தொடங்கியது. சுரங்கப் பாதைப் படிக்கட்டில் வழுக்காமல் இருக்கக் கம்பளம் விரித்தார்கள். சோஃபியா தேவாலயத்துக்கு மேலே செயற்கை நிலா ஏற்றினார்கள். புத்தாண்டு விடுமுறை மூன்று நாளில் 30 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் தங்கள் ஊரைச் செல்லமாக 'ஏர்பின்' என்று பாதிப் பெயரால் கூப்பிட்டு, 'ஏர்பின், நீ எனக்கு அந்நியமாத் தெரியறே' என்று எழுதத் தொடங்கினார்கள். எங்களுக்குச் செய்யாததையெல்லாம் வந்தவர்களுக்குச் செய்கிறாயே என்ற செல்லச் சிணுங்கல் அது.

உறைந்த பேரிக்காயை வைத்து வந்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. கல் மாதிரி கறுப்பாக இருக்கும். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் மேலே ஐஸ் ஓடு கட்டும், ஓட்டை உடைத்து ஓட்டை போட்டுச் சாற்றை உறிஞ்சுவார்கள். வடகிழக்கில் எல்லாரும் சாப்பிடுவது அப்படித்தான். அந்த வருடம் கடைக்காரர்கள் அதைச் சீவி, பூப்போல அடுக்கித் தட்டில் வைத்தார்கள். 'எங்க பேரிக்காய்க்கு இப்படி ஒரு வாழ்வா' என்று உள்ளூர் மக்கள் வாய்பிளந்து வீடியோ போட்டார்கள். நாங்கள் போவதற்குச் சில நாள் முன்புதான் குவாங்ஸியிலிருந்து 11 மழலையர் பள்ளிக் குழந்தைகள் ஆரஞ்சு நிற உடுப்பில் வரிசையாக வந்திருந்தார்கள். குவாங்ஸியின் சின்ன ஆரஞ்சின் பெயரையே ஊர் அவர்களுக்கு வைத்தது. நன்றிக்கு அங்கிருந்து லாரி லாரியாக ஆரஞ்சு வந்தது. என்னோடு வந்தவள் குவாங்ஸி என்று சொன்ன இடத்திலெல்லாம் எங்களுக்கு நல்ல வரவேற்பு.

நிலையத்தில் டாக்சிக்காரர் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டே, "தங்கச்சி, சின்ன உருளைக்கிழங்குங்களா? ஏறுங்க, ஏறுங்க," என்றார். குட்டையாக, வெளிர் நிறப் பஞ்சுக் கோட்டில் உருண்டை உருண்டையாக வருகிற தெற்கத்திக்காரர்களுக்கு அப்போது அதுதான் பெயர். அவள் சிரித்துவிட்டாள். ராத்திரி போனைப் பார்த்தவள் பேச்சில்லாமல் இருந்தாள். அந்தப் பெயர் பிடிக்கவில்லை என்று நிறையப் பெண்கள் எழுதியிருந்தார்கள். பெண்களை மட்டும் ஏன் உயரம் பார்த்து, குட்டி குட்டி என்று கொஞ்ச வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அன்பாகச் சொன்னதை ஏன் பெரிதாக்குகிறீர்கள் என்று மறுபக்கம். "அவர் கூப்பிட்டப்ப எனக்குப் பிடிச்சுதான் இருந்துச்சு. இவங்க சொல்றதும் சரின்னு தோணுது," என்றாள். எனக்கு அந்தப் பெண்கள் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அதற்கு மேல் அன்பை நிரூபிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் அந்த டாக்சிக்காரரை மனசுக்குள் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை மைனஸ் 22. இமை முடியில் பனி படிந்தது. ஹார்பினின் பெரிய கடைவீதியான நடுத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில் தோஃபு நாவோ என்று பார்த்து நுழைந்தோம். மேஜையில் வினிகர் குப்பி, மிளகாய் எண்ணெய்க் குப்பி, நடுவில் புத்தம் புதிய சர்க்கரை டப்பா. விலைச் சீட்டுகூட இன்னும் கிழிக்கவில்லை. தெற்கத்தி விருந்தாளிகளுக்காக ஹார்பினில் தோஃபு நாவோவுக்குச் சர்க்கரை தருகிறார்கள் என்று போனில் படித்திருந்தோம். நேரில் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினாள்.

பக்கத்து மேஜையில் இருந்த தாத்தா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். எழுபது வயது இருக்கும். "பொண்ணு, நிஜமாவே நல்லா இருக்கா?"

"எங்க ஊர்ல இப்படித்தான் தாத்தா. வாய் வச்சுப் பாருங்களேன்."

அவர் கரண்டியில் எடுத்து வாயில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். விழுங்கினார். பிறகு போனை எடுத்து அவளுடைய கிண்ணத்தை வீடியோ பிடித்தார். மகன் ஷென்ஜென்னில் வேலை பார்க்கிறானாம், போய் ஒன்பது வருடம். மூன்று வருடமாக இனிப்பும் நல்லாத்தான் இருக்கு என்கிறானாம். போனில் பேச வேறு விஷயம் இல்லாத நாளில் இதை வைத்துத்தான் இருவரும் சண்டை போடுவார்களாம்.

நாங்கள் எழுந்திருப்பதற்குள் பதில் வந்துவிட்டது. எங்களுக்குக் காட்டினார். 'அப்பா, கட்சி மாறிட்டீங்களா?'

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரே விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி, அனுப்புவதற்கு முன் சரியா என்று அவளிடம் காட்டினார். 'மாறல. புது வருஷத்துக்கு நீ வர்றதுன்னா சொல்லு, சர்க்கரை வாங்கி வைக்கிறேன்.'