மேசைக்கு வராத பிரிண்ட்

"இது எத்தனை ஐஎஸ்ஓல எடுத்தது தம்பி?"

கல்யாணப் படம் எடுக்கிற எங்கள் கடையின் மூத்த போட்டோகிராபர் அண்ணன் அன்றைக்குக் கேட்டது இவ்வளவுதான். ஐஎஸ்ஓ என்பது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு தூக்கிக்காட்டுகிறது என்கிற எண், இருட்டான இடத்தில் அதை ஏற்றி வைப்போம். "நூறு" என்றேன். பிரிண்ட்டைக் கையில் எடுக்காமல், மேசையில் கிடந்தபடியே குனிந்து பார்த்துக்கொண்டு, "மண்டபத்துல நாம நூறுலயா எடுக்கோம்?" என்றார். குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரிதான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கடை முதலாளி அண்ணாச்சி குறுக்கே வந்து, "அதெல்லாம் கிடக்கட்டும். ஏ தம்பி, ரெண்டு கேமராவுல எது நல்லாருக்கு? ஒரே வார்த்தைல சொல்லு" என்றார்.

"நிக்கான்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை இத்தனை வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சொன்னது பொய் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. முழு உண்மை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லவும் முடியவில்லை.

அது 2015 ஆடி. முகூர்த்தம் கிடையாது என்பதால் கேமராவை சர்வீஸுக்குக் கொடுப்பது, பழசைத் தள்ளுவது, புதுசு பேசுவது எல்லாம் அந்த மாசத்தில்தான் நடக்கும். கடையில் இருந்தவை ரெண்டு கேனான் 5டி மார்க் 3. ஒன்று ஒன்றரை லட்சம் கிளிக்கைத் தாண்டியிருந்தது, ஷட்டருக்குக் கம்பெனி சொல்கிற ஆயுளே அவ்வளவுதான். அதையே திரும்ப வாங்குவதா, அல்லது முந்தின வருஷம் வந்திருந்த நிக்கான் டி750-க்கு மாறுவதா என்று பேச்சு. மாறினால் லென்ஸையும் சேர்த்து மொத்தமாக மாற வேண்டும், கேனான் லென்ஸ் நிக்கான் பாடியில், அதாவது லென்ஸ் கழற்றிய கேமராவில், உட்காராது. நான் டி750 கட்சி. வெறும் வாயால் பேச வேண்டாம், எடுத்தே காட்டுகிறேன் என்று சொல்லி, தெரிந்தவர் ஒருவரிடம் அந்த பாடியை ஆனிக் கடைசியிலேயே இரவல் வாங்கி வந்திருந்தேன்.

டெஸ்ட்டை ஒழுங்காகத்தான் செய்தேன். மாடியில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், டிரைபாட், ரெண்டிலும் 50 எம்எம் லென்ஸ், ஒரே அபெர்ச்சர் (லென்ஸ் திறக்கிற அளவு), ஒரே ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ 100. வேண்டுமென்றே நாலு ஸ்டாப் குறைத்து எடுத்தேன், ஒரு ஸ்டாப்புக்கு வெளிச்சம் பாதியாகும், அதாவது வர வேண்டிய வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்கு. கேமரா எதுவும் சமைக்காமல் அப்படியே பதிகிற ரா ஃபைலை லைட்ரூம் சாஃப்ட்வேரில் திறந்து அதே நாலு ஸ்டாப்பைத் தூக்கினேன். 5டி மார்க் 3 படம் 5760-க்கு 3840, டி750 படம் 6016-க்கு 4016. பெரிய படத்தைப் பெரிதாகவே வைத்து ஒப்பிட்டால் அது கள்ளாட்டம். அதனால் ரெண்டையும் 5400-க்கு 3600 ஆக்கி, 12-க்கு 18 இன்ச்சில் பிரிண்ட் போட்டேன். ஆல்பத்தில் ஒரு பக்கத்தின் அளவே அதுதான். அந்த அளவில் மெகாபிக்சல் சண்டைக்கே வேலை இல்லை.

படத்தின் மூலையில், நாற்காலிக்கு அடியில், கறுப்பு டிரைபாட் பை ஒன்று கிடந்தது. நிக்கான் பிரிண்ட்டில் அந்தப் பையின் ஜிப் பல்லை ஒவ்வொன்றாக எண்ணலாம். கேனான் பிரிண்ட்டில் பை இருந்த இடத்தில் ஊதாவாகத் திட்டுத்திட்டாகவும், அதன் மேல் நெடுக்காகச் சன்னக் கோடுகளும். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் போட்டோ தெரியாதவர்கூடச் சொல்லிவிடுவார்.

ஏன் அப்படி என்பதையும் படித்து வைத்திருந்தேன். சென்சாரில் விழுந்த வெளிச்சத்தை எண்ணாக மாற்றுகிற வேலை கேனானில் அன்றைக்கு சென்சாருக்கு வெளியே தனிச் சிப்பில் நடந்தது, போகிற வழியில் இரைச்சல், அதாவது படத்தில் திட்டும் கோடுமாகத் தெரிகிற குறை, சேர்ந்துகொள்ளும். டி750-இல் அது சென்சாருக்குள்ளேயே முடிந்துவிடும். வெளிச்சமான இடத்தில் இந்த வித்தியாசம் தெரியாது, நிழலைத் தூக்கும்போதுதான் வெளியே வரும். 2016-இல் 5டி மார்க் 4 வந்தபோது கேனானும் அந்த வேலையை உள்ளே கொண்டுவந்துவிட்டது. அதைப் படித்த அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. குறை இருந்தது என்று அவர்களே ஒத்துக்கொண்ட மாதிரிதானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அண்ணன் கேட்ட கேள்வி சரியாக அந்த இடத்தில்தான் குத்தியது. ஐஎஸ்ஓவை ஏற்ற ஏற்ற, வெளியே அனுப்பும் முன்பே சிக்னலைப் பெருக்கிவிடுகிறார்கள், வழியில் சேருகிற இரைச்சல் அதற்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போய்விடும். 1600, 3200 போனால் இந்த ரெண்டு கேமராவுக்கும் நடுவில் சண்டை போடுகிற அளவுக்கு வித்தியாசம் கிடையாது. முகூர்த்த நேரத்தில் நாங்கள் எடுப்பது 1600-இல், 3200-இல். எனக்கு இது அன்றைக்கே தெரியும். 3200-இலும் எடுத்து வைத்திருந்தேன். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, இதை எதற்கு பிரிண்ட் போட்டுக் காசைக் கரியாக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அண்ணனுக்கு இந்தச் சிப் கதை எதுவும் தெரியாது. அவர் பிலிம் காலத்து ஆள். ஒரு ரோலுக்கு 36 படம்தான் என்ற கணக்கில் தொழில் படித்தவர். மண்டபத்துக்குள் நுழைந்ததும் உள்ளங்கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தே அபெர்ச்சர் சொல்லிவிடுவார். அவர் படத்தில் நாலு ஸ்டாப் தூக்க வேண்டிய தேவையே வராது. தூக்க வேண்டி வருவதெல்லாம் என் மாதிரி ஆட்கள் அவசரத்தில் எடுக்கிற படத்தில்தான்.

இப்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனியின் கடைசி முகூர்த்தத்துக்கு ரெண்டு கேமராவையும் ரெண்டு தோளில் மாட்டிக்கொண்டு போயிருந்தேன். விடியக்காலை 5.40, பொண்ணு முகூர்த்தப் பட்டு கட்டி மணவறையில் வந்து உட்கார்ந்த நேரம். வீடியோக்காரர் ஹாலோஜன் லைட்டை நேராக முகத்துக்கு அடித்திருந்தார். ஒன்றை இறக்கி ஒன்றை எடுத்து, ரெண்டிலும் அதே படத்தை எடுத்தேன், ஒரு நிமிஷம்கூட இடைவெளி இருக்காது. ஹாலோஜன் வெளிச்சத்தில் சிவப்பு ஏற்கெனவே நிரம்பி இருக்கும், அரக்குப் பட்டு அதை இன்னும் நிரப்பும். வெளிச்சம் எவ்வளவு பதிந்தது என்று காட்டுகிற கேமராவின் மொத்த ஹிஸ்டோகிராம் வரைபடம் ஒழுங்காகத் தெரியும், சிவப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். நிக்கானிலிருந்து நேராக வந்த ஜேபெக்கில், அதாவது கேமராவே சமைத்துக் கொடுக்கிற படத்தில், பட்டு பெயிண்ட் அடித்த தகடு மாதிரி இருந்தது. மடிப்பு தெரிந்தது, நெசவு தெரியவில்லை, முகத்தில் மஞ்சள் நிறமும் கொஞ்சம் கூடுதல். கேனான் ஜேபெக்கில் முந்தியில் ஜரிகை எங்கே முடிந்து நூல் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தது. பொண்ணு நல்ல மாநிறம், அந்த நிறம் அப்படியே இருந்தது. பவுடருக்கு அடியில் இருந்த நிறம்.

அதையும் ரெண்டு பிரிண்ட் போட்டேன். மேசைக்குக் கொண்டுவரவில்லை.

அதற்கு என்னிடம் காரணம் இருந்தது, நல்ல காரணமும்கூட. கலர் என்பது சென்சாரின் தரம் கிடையாது. கேமரா உள்ளே எப்படிச் சமைக்கிறது என்பது அது. ராவில் எடுத்து, வொயிட் பேலன்ஸைச் சரிசெய்து, நம் மண்டப வெளிச்சத்துக்கு ஏற்ற ஒரு கலர் புரொஃபைல் செய்துகொண்டால் நிக்கானிலும் அந்தப் பட்டைக் கொண்டுவரலாம். நிழலில் சேர்ந்த கோடுகளை எடுக்க முடியாது, கலரை மாற்ற முடியும். அதனால் மாற்ற முடியாததை மட்டும் ஒப்பிட்டேன். இந்த வாதத்தில் இன்றைக்கும் ஓட்டை இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் எங்கள் கடையில் யார் ராவில் எடுத்தார்கள்? ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம். டிசைன் பண்ணுகிற பிள்ளை அத்தனையையும் ஜேபெக்காகத்தான் வாங்கி, அன்று ராத்திரியே வேலையைத் தொடங்கிவிடும். ராவில் கொடுத்தால் அந்த கம்ப்யூட்டர் மூச்சுத் திணறிவிடும். கேமரா மாறினால் வேலை செய்கிற முறையையும் மாற்றுவோம் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன், "பாக்கலாம்" என்றார். மாறவில்லை. அடுத்த ஒரு வருஷமும் ஜேபெக்தான். அதாவது, நான் ராவில் நிரூபித்த தரத்துக்குக் காசு கொடுத்து வாங்கி, நான் மறைத்த ஜேபெக்கில்தான் வேலை பார்த்தோம். ஆல்பம் வாங்கிப் போனவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. அதை வைத்து என்னைத் தேற்றிக்கொள்ளவும் முடியவில்லை, அவர்களுக்கு இன்னொரு பிரிண்ட்டை யாரும் காட்டவில்லையே.

ஆவணியில் முதல் முகூர்த்தம். கெட்டிமேளம் கேட்டதும் அண்ணன் வழக்கம்போல மணவறைக்கு இடப்பக்கம் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். நான் எதிர்ப்பக்கம். மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கழுத்துக்குக் கொண்டுபோகிறார், அட்சதை விழுகிறது, அண்ணன் ஜூம் வளையத்தைத் திருப்புகிறார். நிக்கானின் ஜூம் கேனானுக்கு எதிர்த்திசையில் சுற்றும். இருபது வருஷப் பழக்கத்தில் கை எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கம் போனது. நெருங்க வேண்டிய படம் விலகிவிட்டது. நிதானித்துத் திரும்பச் சுற்றுவதற்குள் முதல் முடிச்சு விழுந்து, நாத்தனார் கை நடுவில் வந்துவிட்டது. என் பக்கத்துப் படம் இருந்ததால் ஆல்பம் தப்பித்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. வண்டியில் திரும்பி வரும்போது லென்ஸை மடியில் வைத்துக்கொண்டு வளையத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றிக்கொண்டே வந்தார். பாளையங்கோட்டை வரும்வரை சுற்றிக்கொண்டிருந்தார்.

படத்தரத்தை எத்தனையோ விதத்தில் அளந்த எனக்கு, எடுக்கிறவர் கையையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் அதை ஒரு காரணமாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன், பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லியிருப்பேன். சரியாகத்தான் ஆனது, ரெண்டு மாசத்தில் அவர் கை மாறிவிட்டது.

என் பக்கமும் நியாயம் உண்டு. கல்யாணம் முடிந்த கையோடு ஜோடியைத் தாமிரபரணி படித்துறைக்குக் கூட்டிப்போய் எடுக்கிற வழக்கம் எங்கள் கடையில் சூடுபிடித்தது அந்த வருஷம்தான். உச்சி வெயில், வெள்ளை வேஷ்டி, மரத்தடி நிழலில் முகம். வேஷ்டிக்கு அளந்தால் முகம் இருட்டு, முகத்துக்கு அளந்தால் வேஷ்டி வெறும் வெள்ளைத் தாள். அங்கே ஐஎஸ்ஓ 100, அங்கே மட்டும் நான் ராவில் எடுத்தேன், வேஷ்டியைக் காப்பாற்றிவிட்டு முகத்தை மூன்று ஸ்டாப் தூக்கினேன். முகம் சுத்தமாக வந்தது. 5டி மார்க் 3-இல் அதை இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது. அண்ணாச்சி அந்தப் படங்களைத்தான் கடை வாசலில் பெரிதாக மாட்டினார். ஆக, நான் சொன்னது நடந்தது. மண்டபத்தில் அண்ணன் கையிலிருந்து தாலிப் படம் நழுவியதும் நடந்தது.

இப்படி எழுதும்போதே எனக்குத் தெரிகிறது, நான் மறுபடியும் டெஸ்ட்டைப் பற்றித்தான் பேசுகிறேன். என்னை உறுத்துவது டெஸ்ட் இல்லை. ஒருவர் ஒரு கேள்வி கேட்டார், அதற்குச் சரியான பதில் என் பைக்குள் இருந்தது, நான் எடுக்கவில்லை. "மண்டபத்துல ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே, பட்டுக்கு நம்ம பழசுதான் நல்லாருக்கு, வெளியில எடுக்கிறதுக்கு இது வேணும்" என்று சொல்லியிருந்தால் அண்ணாச்சி ஒருவேளை ஒரு நிக்கான் வாங்கி ஒரு கேனானை வைத்துக்கொண்டிருப்பார். ஒருவேளை எரிச்சல்பட்டு எதையுமே வாங்காமல் விட்டிருப்பார். எனக்குப் புதுக் கேமரா வேண்டும் என்கிற ஆசை அந்த வார்த்தையில் எவ்வளவு கலந்திருந்தது என்று இன்றைக்கும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

தை பிறந்ததும் அண்ணன் தனியாகக் கடை போட்டார். சண்டை எதுவும் இல்லை. அண்ணாச்சி விற்ற ரெண்டு 5டி மார்க் 3-இல் ஒன்றை அவர்தான் வாங்கியிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்றைக்கு மாடியில் அண்ணாச்சி எழுந்து கீழே போன பிறகு, நான் மேசையில் இருந்த பிரிண்ட்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். என் லேப்டாப் பை நாற்காலியிலிருந்து சரிந்து அதிலிருந்து ஒரு பிரிண்ட் தரையில் கிடந்தது. அண்ணன் குனிந்து எடுத்து, திருப்பாமல், கவிழ்த்தபடியே என்னிடம் நீட்டினார். "இதுவும் உன்னோடதா தம்பி?" என்றார். "ஆமாண்ணே, அது சும்மா எடுத்தது" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குனிந்து எடுக்கும்போது படத்தைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் துணிந்ததில்லை.

அந்தப் பிரிண்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது. பட்டின் சிவப்பு அப்படியே இருக்கிறது. எந்தக் கேமரா என்று குழம்பிவிடக் கூடாது என்று பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன்: 5டி3, ஐஎஸ்ஓ 3200, மண்டபம், காலை 5.40. அவர் என் கையில் கொடுத்தபோது மேலே இருந்தது அந்தப் பக்கம்.