பிளேனர் ஓடும் பட்டறையில்: நாட்குறிப்பு

2024 ஜூலை 8, திங்கள்

கானாடுகாத்தான் ஆச்சி வீட்டு நிலைக்கதவு வேலை ஓடுகிறது. இடித்த வீட்டிலிருந்து வாங்கிய பர்மா தேக்கு. அதைப் பலகை இழைக்கும் மிஷினான பிளேனரில் விடும்போது கணக்கு எழுதுகிற ரூமில் போன் பேச முடியாது, காரைக்குடி ரோட்டுக்கே போய் நிற்க வேண்டும். மத்தியானம் மிஷின் நின்ற நேரத்தில் ஆச்சி கூப்பிட்டார்கள், பெரியாசாரியிடம் போனைக் கொடுத்தேன். கதவோடு பழைய சாவியும் வருமா என்று ஆச்சி கேட்க, காவியெல்லாம் அடிக்க மாட்டோம் ஆச்சி, பாலிஷ்தான் என்றார் இவர். பையன்கள் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

முப்பது வருஷமாக மிஷின் பக்கத்தில் நிற்கிற ஆள். வீட்டில் டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கிறது என்று அவர் சம்சாரம் போன தீபாவளிக்கே சொன்னதுதான்.

ஜூலை 10, புதன்

போனில் சத்தத்தின் அளவை டெசிபல் கணக்கில் காட்டும் செயலி போட்டு ஒரு சுற்று வந்தேன். போன் மைக் துல்லியமாக இருக்காது, தோராயம்தான். பிளேனரில் பலகை போகும்போது ஆள் நிற்கும் இடத்தில் 97. ரம்பம் 95 பக்கம். கம்ப்ரசர் ஆளில்லாத மூலையில் சும்மா கத்திக்கொண்டே 88.

நம் தொழிற்சாலை விதிகளின் அட்டவணை 90 டெசிபலில் 8 மணி நேரம் நிற்கலாம் என்கிறது, 97 என்றால் 3 மணி நேரம். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு 1998-ல் சொன்ன கணக்கு இன்னும் கடுமை: 85-க்கு 8 மணி, அதற்கு மேல் 3 டெசிபல் ஏறும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகும். 88-க்கு 4, 91-க்கு 2, 94-க்கு 1, அப்படியே போனால் 97-க்கு வெறும் அரை மணி. 3 டெசிபல் என்பது கேட்கிறவனுக்குச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஒலியின் ஆற்றல் அங்கே இரட்டிப்பாகிவிடுகிறது, அதனால் எனக்கு இரண்டாவது கணக்குதான் நியாயமாகப் படுகிறது. எங்கள் பிளேனர் ஒரு காலை நேரத்தில் இரண்டையும் தாண்டிவிடுகிறது.

ஜூலை 15, திங்கள்

பஞ்சு போன்ற காது அடைப்பான் ஒரு பெட்டி வாங்கி வந்து கொடுத்தேன். பெரியாசாரி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார்.

"தம்பி, பழைய மரத்துல ஆணி எங்க கிடக்குன்னு ரம்பத்தோட சத்தத்த வச்சுத்தான் பிடிக்கிறேன். காத அடைச்சா எம் விரலுக்கு யாரு பொறுப்பு?"

இதைப் பிடிவாதம் என்று தள்ள முடியாது. பாதுகாப்பு வகுப்பு எடுக்க வருகிறவர்கள் போஸ்டர் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள், ஆணிக்கு ஒரு வழியும் சொல்ல மாட்டார்கள். பழைய தேக்கில் தலை உடைந்து உள்ளே போன ஆணி வெளியே தெரியவே தெரியாது. அதனால் முதலாளியிடம் பேசி, கையில் பிடித்துத் தடவும் மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறேன். ரம்பத்துக்குப் போகும் முன்னாடியே ஆணி தெரிந்துவிட்டால் காதை நம்ப வேண்டியதில்லை.

ஜூலை 22, திங்கள்

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து மிஷின் சத்தம் கேட்காத காதோடு, காலையில் வேலைக்கு முன்னாடியே பெரியாசாரியைக் காது கேட்கும் சோதனைக்கு அழைத்துப் போனேன். சத்தத்தில் நின்றுவிட்டு நேராகப் போனால் தற்காலிக மந்தமும் சேர்ந்து கணக்கு கெடும். ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கிற போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள்.

வரைபடத்தில் தாழ்ந்த ஒலிகளுக்குக் கோடு ஓரளவு நேராக வந்து, உச்ச ஒலியான 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளமாக இறங்கி, 8000-ல் கொஞ்சம் ஏறுகிறது. சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் தெரியும் என்றார் அங்கிருந்தவர். உள்காதில் நத்தை ஓடு மாதிரியான குழலுக்குள் இருக்கிற மயிர்ச் செல்கள் சத்தத்தில் சாகின்றன, மனிதருக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. மருந்து கிடையாது, கேட்கும் கருவி வைக்கலாம், அவ்வளவுதான். ச, ஸ போன்ற உச்ச ஒலி எழுத்துகள் முதலில் போகும், பேச்சு காதில் விழும் ஆனால் புரியாது. சாவி ஏன் காவியானது என்று தெரிந்துவிட்டது.

திரும்பும் வழியில் கேட்டேன்: "அண்ணே, ஆணியில் பிளேடு படுறதும் உச்சத்தில்தானே கிறீச்சிடும், அது இப்போ சரியா கேட்குதா?" ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "முன்ன மாதிரி இல்ல" என்றார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆடி வெள்ளி. கோயில் கூம்பு ஸ்பீக்கர் காலை ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிட்டது. பட்டறையில் காத்த காதுக்கு வீட்டிலும் ஓய்வில்லை.

கம்ப்ரசரைப் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு மாற்றி, அடியில் ரப்பர் வைத்தாயிற்று. இதற்குப் பெரிய செலவில்லை, உள்ளே இருந்த ஓயாத இரைச்சல் போய்விட்டது. பிளேனர் வேலையை எல்லாம் சேர்த்து நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்கிறோம், அந்த நேரம் இரண்டு பேர் மட்டும் அங்கே, மற்றவர்கள் வெளியே உளி வேலையில். மழுங்கிய பிளேடு கூடுதலாக அலறும் என்பதால் சாணைக்கு ஒரு தேதி குறித்திருக்கிறேன்.

டிடெக்டர் வந்த மறுநாள் பெரியாசாரி தானாகவே அடைப்பானை எடுத்தார். செருகுகிற விதத்தைப் பையன்களுக்கும் காட்ட வேண்டியிருந்தது: கையைக் கழுவி, மெலிசாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது உள்ளே விரிகிற வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே தொங்கினால் அது அலங்காரம்தான். பெட்டியில் 33 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருந்தாலும் இந்த வகைக்குப் பாதிதான் கணக்கில் வைக்கச் சொல்கிறார்கள். வேலை நேரத்தில் பாதி நேரம் கழற்றி வைத்தால், எவ்வளவு நல்ல அடைப்பானாக இருந்தாலும் மொத்தத்தில் 3 டெசிபல்தான் குறையும், ஆகவே பீடிக்கு வெளியே வரும்போது மட்டும் கழற்று என்று பேச்சு. மிஷினை நிறுத்தச் சொல்லக் கையை உயர்த்துவது என்று பழக்கியாயிற்று, கத்திக் கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது.

பிளேனருக்குச் சுருள் வடிவ வெட்டுத்தலை போட்டால் சத்தம் நன்றாகவே குறையும். விலையைக் கேட்டு முதலாளி ஆவணி முடியட்டும் என்றார். புதுமனைக் கதவுகளின் பணம் அப்போதுதான் கைக்கு வரும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சாணைக்குப் போகிற பிளேடுகளைத் திங்கட்கிழமைத் திருச்சி வண்டியில் கொடுத்துவிட வேண்டும், பையன்கள் மூன்று பேருக்கும் சோதனைக்குத் தேதி வாங்க வேண்டும்.