4 மில்லிமீட்டர்

மார்ச் 2

ட்ரையம்ஃப் டிஆர்6 காரின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, நாலு ஸ்டாண்டில் ஏற்றி, ரசமட்டம் பார்த்து, ஆட்டம் இல்லாமல் நிறுத்தியாயிற்று. வேலை முடியும்வரை இனி அதை நகர்த்தப் போவதில்லை. யார் காலும் பட்டுவிடக் கூடாதென்று சுற்றிலும் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டேன்.

அண்ணாவுக்கு இன்று மூன்றாவது சுற்று சிகிச்சை.

மார்ச் 3

சின்னச் சுத்தியலை எடுத்து முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனேன். முன்பக்கம் கணீர் என்கிறது. நடுவைத் தாண்டியதும் சத்தம் மங்குகிறது. பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ட்ரெய்லிங் ஆர்ம் மாட்டும் இடத்துக்குச் சற்று மேலே ‘மொத்’ என்றது. அடுத்த தட்டில் சுத்தியல் முனை உள்ளே போய்விட்டது. விரலை விட்டுப் பார்த்தேன். ஈரத் தவிடு மாதிரி துரு, அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தது. அதற்கு இரண்டு விரல் தள்ளிக் கறுப்புப் பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது.

டிஆர்6-ஐப் பிரித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த இடம்தான். 1965-இல் இதற்கு முந்தைய மாடலான டிஆர்4ஏ-வில் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும்படி வந்த சேஸிஸின் வழிவந்தது இது. இரண்டு சட்டமும் நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி, பின்னால் மறுபடி விரியும். அந்த விரிவில்தான் பின்சக்கரங்களின் பாரம் முழுக்க வந்து உட்காருகிறது. உள்ளே குழலாக இருப்பதால் சேறும் ஈரமும் போய்த் தங்கிவிடும். உள்ளிருந்துதான் அரிக்கும். வெளியே ஒரு பொட்டு தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

இன்று இதற்கு மேல் எழுத வேண்டாம்.

மார்ச் 4

போன் வரவில்லை.

மார்ச் 6

வெட்டுவதற்கு முன் இடமும் வலமும் சேர்ந்தாற்போல் மூன்று சதுரக் குழாய்களைக் குறுக்கே வைத்து, தற்காலிகமாக வெல்ட் செய்தேன். தாங்கல் இல்லாமல் வெட்டினால் சட்டம் தன் இஷ்டத்துக்கு விரிந்துகொள்ளும், பிறகு அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியாது. ஒரு பக்கத்தை முழுக்க முடிக்காமல் மறுபக்கத்தில் கிரைண்டரை வைக்காதே என்று அண்ணா எத்தனை முறை சொல்லியிருப்பார்.

வலது பக்கம் முதலில். டிஸ்க் பட்டதும் வெளியே கொட்டிய துருவை ஒரு டப்பாவில் அள்ளி வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை. கொட்ட மனம் வரவில்லை.

பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலைத் தாங்கும் முன்பக்க முளையின் அடியிலும் மயிரிழை விரிசல். பலருடைய வண்டியிலும் விடுகிற இடம் என்பதால் எதிர்பார்த்ததுதான். அதற்கும் அணைத் தகடு வைத்துவிடலாம்.

மார்ச் 7

நாள் முழுக்க வெல்டிங். 0.8 மி.மீ. கம்பி. இங்கே ஒரு அங்குலம், எதிர்முனையில் ஒரு அங்குலம், கையை வைத்தால் பொறுக்கும் சூடு வரும்வரை சும்மா உட்காருவது. வெல்ட் ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது தகட்டையும் சேர்த்து இழுக்கும். அவசரப்பட்டு ஒரே ஓட்டமாகப் போட்டால் கோணிக்கொண்டுவிடும். அந்த உட்காரும் நேரம்தான் கஷ்டம். கையில் வேலை இருந்தால் போனைப் பார்க்கத் தோன்றாது.

மார்ச் 8

அளந்தேன். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நாலு போல்ட் துளையிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, தரையில் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை டேப் பிடித்தேன். இரண்டு குறுக்களவுக்கும் 4 மி.மீ. வித்தியாசம்.

வெட்டுவதற்கு முன் எவ்வளவு இருந்தது? அண்ணா எழுதி வைத்திருக்கிறார். பாடியைத் தூக்கிய அன்றே எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார், எந்த போல்ட்டுக்கு அடியில் இடைவெளி நிரப்ப எத்தனை ஷிம் தகடு என்பதுவரை. ‘குறுக்கு வித்தியாசம்’ என்ற வரியும் இருக்கிறது. அதற்கு நேரே எண்ணெய்க் கறை. கறைக்குக் கீழே ஒரு நேர்க்கோடு மட்டும் தெரிகிறது. 1-ஆகவும் இருக்கலாம், 4-இன் காலாகவும் இருக்கலாம்.

4 என்றால் முன்பே அப்படித்தான் இருந்திருக்கிறது. 1 என்றால் நான் கோணலாக்கிவிட்டேன்.

மார்ச் 9

மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, குண்டு அசையாமல் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்து முறை அளந்தேன். நாலு. நாலு. நாலு. மூன்றரை. நாலு.

மார்ச் 11

அண்ணா பேசினார். குரல் தொண்டையைத் தாண்டி வரவில்லை. சாப்பிட்டீர்களா என்று நான் கேட்பதற்குள், “அளந்தியாடா?” என்றார்.

“அளந்தேன் அண்ணா.”

“எப்படி இருக்கு?”

“சரியாத்தான் இருக்கு.”

ஏன் அப்படிச் சொன்னேன்? அவரிடம் நான் பொய் சொல்வதில்லை. கேட்டிருந்தால் அந்த எண் நினைவிருந்திருக்கும். நினைவில்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான் வாயை அடைத்தது. அவருக்கு எதுவும் மறந்ததில்லை.

மார்ச் 12

ஒன்றா, நாலா.

மார்ச் 14

இன்று எல்லாவற்றின் மேலும் கோபம். பிரேக் கிளீனர் டப்பா ஒன்று அலமாரியில் இருந்தது. படித்துப் பார்த்தால் குளோரின் கலந்தது. அதைத் தெளித்த இடம் காயாமல் வெல்டிங் பொறி வைத்தால் ஃபாஸ்ஜீன் உண்டாகும், நுரையீரலைக் கெடுக்கும் விஷவாயு. இத்தனை நாள் கை எட்டும் தூரத்தில் அதை வைத்திருந்திருக்கிறேன். அப்புறப்படுத்தினேன்.

பழைய வடிகால் துளைகளைக் கம்பி விட்டுத் திறந்தேன். கடைசியில் குழலுக்குள் மெழுகு அடிக்கும்போது அவை அடைபட்டுவிடக் கூடாது.

மார்ச் 16

சொல்லிவிட்டேன். நாலு என்று, கறை என்று, பொய் சொன்னேன் என்று.

வெகுநேரம் பேச்சில்லை. அப்புறம், “நம்பர் ஞாபகம் இல்லடா” என்றார். வயிற்றில் ஏதோ இறங்கியது. ஆனால் உடனே, “எந்தக் குறுக்கு நீளம்?” என்றார்.

நான் வித்தியாசத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எது நீளம் என்று மனதில் நிற்கவே இல்லை.

“வலது பக்கம்தானே வெல்ட் போட்டே? சுருங்கியிருந்தா வலது பின்பக்கம் முன்னால வந்திருக்கும். அந்த மூலைக்குப் போற அளவு குறையணும். போய்ப் பாரு.”

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். புள்ளிகளுக்குப் பக்கத்தில் சாக்கட்டி எழுத்து அழியாமல் இருந்தது. இடது முன், வலது பின்: அதுதான் நீளம். 4 மி.மீ. கூடுதல்.

சொன்னேன். “சரி, அடுத்த பக்கத்தை ஆரம்பி” என்றார். இருமினார். போனை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

மார்ச் 18

இடது பக்கம் மேல் தகட்டை எடுத்தாயிற்று. வலதைவிட மோசம். கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தகடே இல்லை. நாளை நாலாவது சுற்று. இன்று வெளியே பலத்த காற்று, கதவைச் சாத்தினாலும் குண்டு நிற்கவில்லை. காலையில் அளக்க வேண்டும்.