வடசென்னைத் தண்ணீரும் என் வீட்டுச் செடித் தொட்டியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் கிணற்றுத் தண்ணீர்தான். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத அந்த நிலத்தில் மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்கி, வளவுக்கு வளவு கிணறுகளின் வழியே மேலே வருகிறது. திருமணத்துக்குப் பின் வடசென்னையின் கொளத்தூரில் குடியேறியபோது, ஒரே வீட்டுக்குள் 4 வகைத் தண்ணீர் வருவதையும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை இருப்பதையும்தான் நான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. குழாயில் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர், மோட்டார் போட்டால் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து போர் தண்ணீர், தட்டுப்பாட்டுக் காலத்தில் லாரித் தண்ணீர், குடிப்பதற்கு 20 லிட்டர் கேன். எதில் சோறு வடிப்பது, எதில் துணி அலசுவது என்று மாமியார் சொல்லித் தந்தார். எதில் செடி வளர்ப்பது என்பதை நானே தேடிக் கண்டுகொண்டேன்.

கொளத்தூரில் இருந்துகொண்டு மீன்தொட்டி வைக்காமல் இருப்பது கடினம். வண்ணமீன் வணிகத்துக்கு இந்தியா முழுவதும் பெயர் பெற்ற பகுதி இது; இங்கும் புழல், செங்குன்றம் பக்கங்களிலும் மீன் வளர்ப்பையே குடும்பத் தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். மாலையில் தெருவில் நடந்தால் கடைக்குக் கடை வெளிச்சமிட்ட கண்ணாடித் தொட்டிகள்தான். புதிய ஊரில் பேச்சுத் துணை இல்லாத நாட்களில் அந்தக் கடைகளின் முன்னால் நின்று பார்ப்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு ஒரு நாள் உள்ளே போய், செடி வைத்த தொட்டி ஒன்று வேண்டும் என்று கேட்டேன்.

"அக்கா, உங்க வீட்ல என்ன தண்ணி வருது? மெட்ரோவா, போரா? மொதல்ல அத சொல்லுங்க, செடிய அப்புறம் பாக்கலாம்" என்றார் கடைக்காரத் தம்பி. விற்பவர் ஒருவர் பணத்தை வாங்குவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே அவர் மீது எனக்கு மதிப்பு உண்டானது.

இந்த ஊரில் அது சாதாரணக் கேள்வி அன்று. மெட்ரோ தண்ணீர் என்று ஒரே பெயரால் அழைத்தாலும், அது புழல், பூண்டி போன்ற ஏரிகளின் நீராகவும், ஆந்திரத்திலிருந்து கால்வாய் வழியே வரும் கிருஷ்ணா நீராகவும், மீஞ்சூருக்கு அருகே 2010-இல் தொடங்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன்கொண்ட ஆலையில் உப்பு நீக்கப்பட்ட கடல்நீராகவும் இருக்கலாம். இவற்றின் தன்மை ஒன்றல்ல. போர் தண்ணீரோ தெருவுக்குத் தெரு மாறுகிறது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீரே உள்ளே புகுந்துவிட்டது. டிடிஎஸ் கருவியை வாங்கி அளந்து பார்த்தபோது எங்கள் போர் தண்ணீர் 1000-ஐத் தாண்டியது. மெட்ரோ தண்ணீர் அதில் பாதிக்கும் குறைவாகவே இருந்தது. ஆனால் அந்த எண் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவை மட்டுமே காட்டும். அது சுண்ணாம்பா உப்பா என்று பிரித்துச் சொல்லாது. சுண்ணாம்பு மிகுந்த நீரைப் பல செடிகள் தாங்கிக்கொள்ளும். உப்பு மிகுந்த நீரைத் தாங்குபவை சிலவே. ஆகவே மெட்ரோ தண்ணீரைத் தேர்ந்தெடுத்தேன். அதிலுள்ள குளோரின் மீனின் செவுள்களைப் புண்ணாக்கும் என்பதால், வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்த பிறகோ, கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்பேட்டைச் சேர்த்தோதான் தொட்டியில் ஊற்றுகிறேன்.

செடிகளைப் பார்க்கையில்தான் எதிர்பாராத ஒன்று நேர்ந்தது. பழுப்பும் பச்சையும் கலந்த, விளிம்பில் நெளிவுள்ள இலைகளோடு ஒரு செடி இருந்தது. அதன் பெயர் கிரிப்டோகோரின் வென்ட்டி என்றும், அது இலங்கைக்கே உரியது என்றும், உலகெங்கும் மீன்தொட்டிகளில் வளரும் அதன் பிறப்பிடம் அந்தத் தீவின் நீரோடைகள்தான் என்றும் பிறகு படித்து அறிந்தேன். நிழலான ஓடைக்கரைகளில் வளரும் அந்த இனத்தை, வறண்ட வடக்கில் வாழ்ந்த நான் ஒரு நாளும் கண்டதில்லை. பிறந்த நாட்டின் செடியை அடுத்த நாட்டின் கடையில் முதன்முதலாகப் பார்த்து, விலை கொடுத்து வாங்கிவந்தேன். அந்த மகிழ்ச்சியை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கணவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். மண்ணும் கல்லும் சேர்ந்தால் எடை 70 கிலோவைத் தாண்டும். வீட்டுக்காரம்மா அந்த எடையை எண்ணித் தயங்கியதால், சுவர் ஓரமாகத் தூணுக்கு அருகே இரும்பு ஸ்டாண்டின் மேல் வைத்தோம். அடியில் சலித்துக் கழுவிய செம்மண், அதற்கு மேல் இருமடங்கு கனத்தில் சிறு ஆற்றுக்கூழாங்கல். கடற்கரை மணலில் சிப்பித்துகள் இருக்கும், அது கரைந்து தண்ணீரை மேலும் கடினமாக்கும் என்பதால் அதை நான் நாடவில்லை. கூழாங்கல்லின் மீதும் சில துளி வினிகர் விட்டு, நுரை எழாததைக் கண்ட பின்பே போட்டேன். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இல்லை. எல்இடி விளக்கு தொடக்கத்தில் நாளுக்கு 6 மணி நேரம் மட்டும். அதற்கு மேல் எரித்தால் பாசிதான் முந்திக்கொள்ளும்.

நட்ட சில நாட்களிலேயே கிரிப்டோகோரினின் இலைகள் கண்ணாடிபோல் வெளிறிக் கரைந்து விழத் தொடங்கின. இது அந்தச் செடிக்கு நோயன்று. பண்ணைகளில் இவற்றைப் பெரும்பாலும் இலைகள் காற்றில் நிற்கும்படியே வளர்க்கிறார்கள். நீருக்குள் போனதும் அந்த இலைகள் பயனற்றுப் போகின்றன. நீரின் தன்மை மாறினாலும் இதுவே நடக்கும். வேர்த்தண்டு உறுதியாக இருக்கிறதா என்பதே கேள்வி. உறுதியாக இருந்தால் பிடுங்கவோ இடம் மாற்றவோ கூடாது, அழுகிய இலைகளை மட்டும் அகற்ற வேண்டும். சில வாரங்களில் புதிய நீருக்கேற்ற புதிய இலைகள் வந்தன. அவை முன்னையவற்றை விடக் குறுகலாகவும் கருமையாகவும் இருந்தன.

அதுவரை மீன் விடவில்லை. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்குகிறது, வேறொரு வகை அதை நைட்ரேட்டாக்குகிறது, நைட்ரேட்டைச் செடிகள் உறிஞ்சுகின்றன; இந்தச் சுழற்சி நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் ஆகும். வெப்பமும் காரத்தன்மையும் கூடினால் அம்மோனியாவின் நச்சும் கூடும் என்பதால், சென்னையில் இந்தப் பொறுமை இன்னும் அவசியம்.

அக்னி நட்சத்திர நாட்கள் தனிப் பாடம். 20 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5 அளவுக்குக் குறைகிறது, மே மாதத்தில் எங்கள் தொட்டியோ 31-ஐயும் தாண்டுகிறது. மூடியை எடுத்துவிட்டு, நீரின் மேற்பரப்பில் படும்படி சிறிய விசிறி ஒன்றை வைத்தால் ஆவியாதலால் நீர் சற்றுக் குளிர்கிறது. ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே. உப்பும் சுண்ணாம்பும் உள்ளேயே தங்கிச் செறிவடைகின்றன. ஆகவே குறைந்த அளவை ஈடுசெய்ய, உப்பு குறைவான கேன் தண்ணீரை ஊற்றுகிறேன், வாராந்தர நீர் மாற்றத்துக்கு மட்டும் மெட்ரோ தண்ணீர். மின்சாரம் போகும் இரவுகளுக்கு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று உண்டு.

மீன்களைத் தேர்ந்தெடுக்கும்போது மனம் செர்ரி பார்பை நாடியது. அதுவும் இலங்கைக்கே உரிய மீன். 1929-இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல அதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். எனினும் நிழலான காட்டோடைகளில், 23 முதல் 27 டிகிரி நீரில் வாழும் மீனை என் ஊர்ப் பாசத்துக்காக மே மாதச் சென்னையில் வாட்டுவது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. கொளத்தூரிலேயே பிறந்து இந்தத் தண்ணீரிலேயே வளர்ந்த கப்பிகளை வாங்கி விட்டேன். கடினமான நீரும் வெப்பமும் அவற்றுக்குப் பழக்கமானவை. கொசுப்புழுவைத் தேடி வீடு வீடாக வரும் மாநகராட்சி ஊழியரான அக்காவும் தொட்டியில் மீன் நீந்துவதைப் பார்த்துவிட்டு, மொட்டைமாடி டிரம்மை மட்டும் சோதிக்கப் போய்விடுகிறார். குஞ்சுகள் பெருகும்போது கடைக்காரத் தம்பி எடுத்துக்கொண்டு, பதிலுக்கு வேருக்கு இடும் உரவில்லைகளைத் தருகிறார். கிரிப்டோகோரினின் பக்கக்கன்றுகளையும் கேட்டிருக்கிறார், அவை இன்னும் நாலைந்து இலை விடட்டும் என்று காத்திருக்கிறேன்.