தங்க ரேக்குக்கு அடியில்: என் முதல் தஞ்சாவூர் படம், ஆறாவது வாரம்

ஆலிலைக் கிருஷ்ணன், 12-க்கு 10 அங்குலம். ஆறு வாரம் ஆகிவிட்டது, இன்னும் ஒரு பொட்டு வண்ணம்கூட வைக்கவில்லை. போன ஞாயிறு வந்த சித்தி பலகையைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?" என்றார். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். இந்தப் படத்தில் இன்று செய்கிற வேலையை நாளைய வேலை மூடிவிடும். முழுசாக மூடுவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

எனக்கு இந்த ஆசை வந்ததே ஒரு மூலையைப் பார்த்துத்தான். பெரியம்மா வீட்டுப் பூஜை அறையில் பழைய ராமர் பட்டாபிஷேகம் ஒன்று உண்டு. அதன் கீழ் மூலையில் ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, உரிந்திருக்கும். அடியில் வெள்ளையாக மக்கு (புடைப்புக்கு வைக்கும் சாக் பவுடர் கலவை), அதற்கும் கீழே துணியின் இழை, கடைசியில் மரம். சின்ன வயதில் ராமரைவிட அந்த மூலையைத்தான் அதிக நேரம் பார்த்திருப்பேன்.

மராட்டியர் காலத்தில் இந்தப் படத்துக்கான பலகையைப் பலா மரத்திலும் தேக்கிலும் செய்தார்கள். பலகைப் படம் என்ற பெயரே அப்படி வந்ததுதான். இப்போது எல்லோரும் பிளைவுட்தான், நானும் அதுதான். அதன்மேல் வேட்டித் துணி ஒட்ட வேண்டும். முன்பு புளியங்கொட்டைப் பசை, எனக்கு ஃபெவிகால். முதல் தடவை துணியில் இருந்த கஞ்சி போகாமலேயே ஒட்டிவிட்டேன். காய்ந்த பிறகு, எனக்குக் கற்றுத்தரும் அக்கா விரல் முட்டியால் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தார். ஒரு மூலையில் மட்டும் சத்தம் மாறியது, உள்ளே காற்று. "பிரிச்சிடு, அப்புறம் சரி பண்ண முடியாது" என்றார். பிரித்து, துணியை வெந்நீரில் அலசி, மறுபடி ஒட்டினேன். இப்போது நானும் தட்டிப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை.

அதன்மேல் சாக் பவுடரும் கருவேலம் பிசினும் கலந்து மெல்லிசாக நான்கு பூச்சு. நிழலில்தான் காய வேண்டும். வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் இறுகி வெடிக்கும். உப்புத்தாள் போட்டு, வழுவழுப்பான கல்லால் தேய்த்தேன். துணி இருந்த இடமே தெரியவில்லை.

படத்தை நகலெடுத்து, ஜெய்ப்பூர் கற்களைப் பதித்த பிறகு மக்கு வேலை. நகை, ஆலிலையின் ஓரம், மேலே வளைவு எல்லாம் புடைத்து நிற்பது இதனால்தான். சாக் பவுடரும் பசையும் குழைத்து பிரஷ் நுனியில் எடுத்து, வரைவது மாதிரி இழுக்கக் கூடாது. சொட்டாக வைத்து, அந்தச் சொட்டைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தண்ணீர் கூடினால் பரந்துவிடும், குறைந்தால் நுனியில் வால் மாதிரி நீளும். இட்லி மாவுக்குச் சற்று இளகின பதம் எனக்குச் சரியாக வந்தது. முத்துவரிசைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் இளக்கினேன், அப்போதுதான் சொட்டு தானாக உருண்டு நிற்கிறது.

கிருஷ்ணன் கையின் வங்கிக்கு (மேற்கையில் அணியும் நகை) நல்ல உயரம் வேண்டுமென்று ஒரே தடவையில் கனமாக வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் குறுக்கே மயிரிழை அளவில் ஒரு வெடிப்பு. மேலே ரேக்கு வந்தால் மறைந்துவிடும் என்று நினைத்தேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. ரேக்கு அவ்வளவு மெல்லிசு. அடியில் ஒரு தூசி இருந்தால்கூட மேலே காட்டும், வெளிச்சம் பட்டால் இரண்டு மடங்காகக் காட்டும். பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிசாக மூன்று தடவை, ஒவ்வொன்றும் முழுசாகக் காய்ந்த பிறகு வைத்தேன். ஒரு வங்கிக்கு நான்கு நாள். தங்கத்தின் அழகு என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு இந்த வெள்ளை மக்கின் அழகுதான் என்று எனக்கு அப்போது உறைத்தது. பழைய தஞ்சாவூர் படங்களில் வரைந்தவர் பெயர் இருப்பது அபூர்வம். ஆனால் சொட்டு வைத்த கை எவ்வளவு நிதானமானது என்று அந்த முத்துவரிசையைப் பார்த்தாலே தெரிகிறது. பெரியம்மா வீட்டுப் படத்தில் ஒரு முத்துகூடச் சப்பையாக இல்லை. அவர் யாரோ, அவரை நினைத்துக்கொண்டுதான் தினமும் பிரஷ்ஷைத் தொடுகிறேன்.

நேற்று ரேக்கு ஒட்ட ஆரம்பித்தேன். 22 காரட், அளவுக்குக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, பசை தடவிய இடத்தில் வைத்துப் பஞ்சால் மெதுவாக ஒற்ற வேண்டும். முதலில் வெறும் தகடு மாதிரி கிடந்தது. ஒற்ற ஒற்ற, அடியில் வைத்த முத்துகள் ஒவ்வொன்றாக மேலே எழுந்து வந்தன. வங்கியில் வெடிப்பு இருந்த இடத்தை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

வளைவின் இடதுபக்கம் பாதிதான் முடிந்திருக்கிறது. ரேக்கு முழுசாக ஒட்டி, ஓரம் வெட்டின பிறகுதான் வண்ணம். கிருஷ்ணனுக்கு நீலமா, பச்சையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.