மூன்று பொடவு, ஒரு கிணறு

ஆந்திராவில் பொர்ரா குகைக்குப் போய்வந்ததிலிருந்து எனக்கு ஒரே நமைச்சல். கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளையும், அவற்றை எட்டிப்பிடிக்கத் தரையிலிருந்து முளைத்த கல்முளைகளையும் நூற்றுக்கணக்கில் படம் எடுத்து வந்து அத்தானிடம் காட்டினேன். செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவர், "நம்ம பக்கம் இல்லாத பொடவா மாப்ள?" என்று கேட்டார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் குகை என்று சொல்லமாட்டார்கள். பொடவுதான்.

பொடவு இருக்கிறது, சரி. கல்விழுது இருக்கிற பொடவு இருக்கிறதா? எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துத் தாழையூத்தில் எத்தனையோ வருஷமாகச் சுண்ணாம்புக்கல்லை வெட்டி சிமென்ட் ஆக்குகிறார்கள். சுண்ணாம்புக்கல் இருக்கிற சீமையில் ஒரு விழுதாவது தொங்காதா என்று எனக்கு நப்பாசை. பங்குனி உத்திரம் முடிந்த வாரம் கிளம்பினோம். இரண்டு நாள், ஒரு பைக், பின்சீட்டில் ட்ரைபாடைக் கட்டிப்பிடித்தபடி நான்.

முதலில் மருகால்தலை. சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேருகிற சீவலப்பேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே பூவிலுடையார் மலை என்று ஒரு சின்னப் பாறைக்குன்று. மலை என்று சொன்னால் பொதிகை கோபித்துக்கொள்ளும், அவ்வளவு சின்னது. சாஸ்தா கோயிலுக்கு உத்திரத்தன்று வந்த கூட்டத்தின் பொங்கல் அடுப்புக் கற்கள் கரி பிடித்து அப்படியே கிடந்தன. அதைத் தாண்டி ஏறினால் பாறை முன்னால் துருத்திக்கொண்டு, கீழே ஆள் படுக்கிற அளவுக்கு நிழல். அதுதான் குகை. பொர்ராவை மனதில் வைத்துக்கொண்டு போனவனுக்கு முதல் பார்வையில் ஏமாற்றம்தான்.

இது கருங்கல் வகைப் பாறை. சுண்ணாம்புக்கல் மாதிரி மழைத்தண்ணீரில் கரையாது. இதில் குகை உண்டாகும் வழியே வேறு. பூமிக்கு அடியில் பெரும் பாரத்தைச் சுமந்து கிடந்த பாறை, மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போனதும் உப்பி விரிகிறது. மேற்பரப்பையொட்டி ஏடு ஏடாக விரிசல் விடுகிறது, வெங்காயத்தோல் உரிகிற மாதிரி. அடியிலிருக்கும் ஏடு பெயர்ந்து விழுந்துவிட மேல் ஏடு கூரையாக நின்றுவிடுகிறது. மருகால்தலையில் நிமிர்ந்து பார்த்தால் அந்த உரிந்த வளைவு தெரியும். மழைநீர் வழிந்த கறுப்புக் கோடுகளும், தோல் பெயர்ந்த இடத்தில் வெளிறிய சிவப்பும் கலந்து, சுவரில் யாரோ சாயத்தைக் கொட்டிவிட்டுப் போனாற்போல் இருக்கும். ஏமாற்றம் அரைமணி நேரத்தில் போய்விட்டது.

கீழே பாறையைச் செதுக்கிப் படுக்கைகள் செய்திருக்கிறார்கள். ஊரில் கேட்டால் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். தமிழ்நாட்டில் எங்கே கல்படுக்கை இருந்தாலும் அதில் பாண்டவர்கள் ஒரு ராத்திரி படுத்திருப்பார்கள், அது நம் வழக்கம். உண்மையில் சமணத் துறவிகளுக்காக வெட்டியது. குகையின் நெற்றியில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் ஒரே வரி. வெண்காசிபன் என்பவன் கொடுத்த கல்படுக்கை என்று பொருள் சொல்கிறார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பது கல்வெட்டு அறிஞர்கள் கணக்கு. கட்டில் வாங்கிக் கொடுத்தவர் பெயரைக் கட்டிலிலேயே எழுதுகிற பழக்கம் இன்றைய டியூப்லைட்டுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது.

இந்த வரியைப் படம் எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. நேராக வெளிச்சம் அடித்தால் எழுத்தே தெரியாது. பாறையும் எழுத்தும் ஒரே நிறம், வெட்டும் ஆழமில்லை. டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிக்கவேண்டும். அப்போது பள்ளத்தில் மட்டும் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். கேமராவை ட்ரைபாடில் ஏற்றி, வெளிச்சத்தை உணர்கிற அளவான ஐஎஸ்ஓவைக் குறைவாக 100இல் வைத்து, ஷட்டரை 20 விநாடி திறந்துவிட்டேன். டார்ச் பிடிக்கிற வேலை அத்தானுக்கு. அவர் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு வலமும் இடமுமாக வீசினார். இரண்டு பக்கமும் வெளிச்சம் பட்டால் நிழல் அழிந்துபோகும் அல்லவா, எழுத்தும் போயிற்று. "ஒரே பக்கம் நில்லுங்க அத்தான்" என்று ஆறு தடவை சொன்னபிறகு ஏழாவது படம் தேறியது. சிலர் எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ் தேய்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பக்கத்திலேயே பெயின்டில் தங்கள் காதலியின் பெயரை எழுதிவைத்த வெண்காசிபன்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இன்னொன்று. இந்த மாதிரித் துருத்திய பாறைகளுக்கு அடியில் மலைத்தேனீ அடை கட்டும். சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், பீடி சிகரெட் பற்றவைக்காதீர்கள். உள்ளே வௌவால் இருந்தால் ஃப்ளாஷ் போடாதீர்கள்.

மறுநாள் விடியற்காலை திருச்செந்தூர். இங்கே பாறை மாறுகிறது. கடற்கரை மணலும் உடைந்த சிப்பித்தூளும் குவிந்து, மழைநீர் அதிலுள்ள சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்து, காயும்போது அதே சுண்ணாம்பு மணலைக் கெட்டியாக ஒட்டவைத்து உண்டான மணற்கல். நகத்தால் கீறினால் பொடி உதிரும். கோயிலுக்கு வடக்கே கடலைப் பார்த்த மேட்டில்தான் வள்ளி குகை. தலையைக் குனிந்து, உடம்பைச் சுருக்கி உள்ளே நுழையவேண்டும். உள்ளே கற்பூரப் புகை, எதிரே வருகிறவர் மூச்சு முகத்தில். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை, கும்பிட்டுவிட்டு வந்தோம். இந்தக் கல் கடல் காற்றுக்குத் தாங்காது என்பதற்குக் கோயிலே சாட்சி. பழைய மணற்கல் கட்டடம் அரித்துப்போனதால்தான் மௌனசுவாமியும் அவருக்குப் பின் வந்த துறவிகளும் திருப்பணி செய்து கருங்கல்லில் எழுப்பினார்கள்.

அங்கிருந்து தெற்கே மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மணல்மேடு, உச்சியில் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். கீழே கடலைப் பார்த்த சரிவில், 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை. இப்போது அது சிறு ஆலயம். உள்ளே ஒரு கிணறு, குடிக்கிற தண்ணீர். அலை வந்து மோதுகிற இடத்துக்குப் பக்கத்தில் எப்படி நல்ல தண்ணீர் என்று அத்தான் ஆச்சரியப்பட்டார். மேட்டில் பெய்த மழை மணலில் இறங்கி நிற்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத்தண்ணீர் எடை கூடுதல், அதனால் மேலே மிதக்கிறது. திருச்செந்தூர் நாழிக்கிணறும் இதே மாதிரிதான் இருக்கும் என்று நான் சொன்னதை அத்தான் ஏற்கவில்லை. முருகன் வேலால் குத்தியது என்பது அவர் கட்சி.

குகைக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் கேட்டுவிட்டு இரண்டே படம் எடுத்தேன். எனக்கு வேலை வெளியே இருந்தது. கடற்காற்று படுகிற பாறை முகம் முழுக்கத் தேனடை மாதிரிப் பொத்தல். உப்புத்தண்ணீர் பாறையின் துளைகளில் ஊறி, வெயிலில் காய்ந்து, உப்பு படிகமாக வளரும்போது மணல்துகளை நெம்பித் தள்ளுகிறது. ஒரு துகள் போன பள்ளத்தில் அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் உப்பு தங்கும். இப்படியே பொத்தல் பெருகுகிறது. காலை எட்டு மணி வெயில் பக்கவாட்டில் அடிக்கும்போது ஒவ்வொரு பொத்தலுக்குள்ளும் ஒரு துண்டு இருட்டு. டார்ச்சே தேவைப்படவில்லை, சூரியன் அத்தானைவிட ஒழுங்காக ஒரே பக்கம் நின்றது.

ஆனால் முதலில் எடுத்த நாற்பது படங்கள் குப்பை. கடல் சாரல் லென்ஸில் படிந்து எல்லாம் மங்கல், எனக்குத் தெரியவே இல்லை. வீட்டில் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். சட்டை நுனியால் துடைத்திருந்தால் மணல் கீறி லென்ஸே போயிருக்கும், அந்த மட்டில் சந்தோஷம். அங்கே போகிறவர்கள் சுத்தமான துணியும் தூசியை ஊதித் தள்ளுகிற ரப்பர் குமிழும் எடுத்துப் போங்கள், பத்துப் படத்துக்கு ஒருதரம் லென்ஸைப் பாருங்கள்.

கரையில் உதிர்ந்து கிடந்த ஒரு கல்லை எடுத்து, சர்பத் கடையில் வாங்கிய எலுமிச்சை மூடியைப் பிழிந்தேன். மெல்ல நுரை கட்டியது. சுண்ணாம்பு! குகைப் பாறையில் இந்த வேலையைச் செய்யக்கூடாது, உதிர்ந்த கல்லில் செய்யலாம். அப்படியானால் இந்தச் சீமையில் கரைகிற கல் இருக்கிறது. ஆனால் விழுது தொங்கவேண்டுமானால் கூரை அசையாமல், காற்று அடிக்காமல், சொட்டு சொட்டாக ஆயிரக்கணக்கான வருஷம் நீர் கசியவேண்டும். மணப்பாட்டுக் காற்று எதை நிற்கவிடும்?

பெரியதாழை வழியாக உவரியை நோக்கிப் போகும்போது ரோட்டோரம் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார் ஓர் அண்ணாச்சி. பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். கலயத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் பூசியிருந்ததை அத்தான் எனக்குக் காட்டினார். "இதுவும் உன் சுண்ணாம்புதான், குடி." சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இரண்டு பட்டை குடித்தேன். குகையைப் பற்றிச் சொன்னதும் அண்ணாச்சி சிரித்தார். "பொடவு பாக்கணும்னா ஆயன்குளம் போங்க. தண்ணி குடிக்கிற கிணறு இருக்கு. என்ன, உள்ள போக முடியாது."

திசையன்விளை பக்கத்து ஆயன்குளம் கிணற்றைப் பற்றிப் பலர் வீடியோ பார்த்திருப்பீர்கள். 2021 கடைசியில் பெய்த மழையில் குளம் நிறைந்து வழிந்த வெள்ளத்தை அந்தக் கிணற்றுக்குள் திருப்பிவிட்டார்கள். நாள்கணக்கில், வாரக்கணக்கில் தண்ணீர் பாய்ந்தும் கிணறு நிறையவில்லை. அப்புறம் சென்னை ஐஐடியிலிருந்து ஒரு குழு வந்து ஆராய்ந்தது. அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசாகப் புளிப்பேறி, அந்தப் பாறையைக் கரைத்துக் கரைத்து உள்ளே வழிகள் உண்டாக்கியிருக்கிறது. பொர்ராவைக் குடைந்த அதே வேலைதான். அங்கே நான் டிக்கெட் வாங்கி நடந்துபோனேன், இங்கே தண்ணீர் மட்டும் போகிறது.

நாங்கள் போனபோது வாய்க்கால் காய்ந்து கிடந்தது. மத்தியான வெயில். கிணற்றை எட்டிப் பார்த்தால் பாதி ஆழம் வரை வெளிச்சம், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "ஓரத்துல நிக்காதீய தம்பி, மண்ணு பொதுக்குனு இருக்கும்" என்றார். பின்னால் நகர்ந்து, ட்ரைபாடைச் சாய்த்து, அத்தான் என் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொள்ள, நீளநேரம் திறந்து ஆறு படம் எடுத்தேன். ஐந்து சுத்தக் கறுப்பு. ஆறாவதை எடுக்கும்போது உள்ளிருந்து ஒரு மாடப்புறா படபடவென்று வெளியே வந்தது. படத்தில் கறுப்புக்கு நடுவே ஒரு சாம்பல் கோடு, அவ்வளவுதான்.

"வெள்ளம் வரும்போது எப்படி இருக்கும் தாத்தா?"

"இரைச்சல்தான். ராத்திரி வீட்ல படுத்திருந்தாலும் கேக்கும்" என்றவர், ஆட்டை விரட்டிக்கொண்டே திரும்பி, "கார்த்திகையில வாங்க. படம் புடிக்கிற டப்பாவ வச்சிட்டு வாங்க" என்றார்.

அத்தான் கார்த்திகைக்கு இப்போதே லீவு சொல்லிவிட்டார். நான் ஒரு நல்ல மைக் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.